பதினோராவது குழி

நான் ஒரு தடவை அறுபது வீட்டுக்குத் தண்ணீர் வராமல் செய்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் வேண்டுமென்று செய்கிறவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

எனக்குக் கோபம் வரும். ("வரதெல்லாம் இல்ல, அவகிட்டயே குடியிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.) ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், கல்யாணப் பந்தி, எங்கே நின்றாலும் யாரையாவது நாலு வார்த்தை கேட்காமல் நான் வீடு திரும்பியது கிடையாது. அதை ஒரு திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் எல்லாம் வாயில்லாப் பூச்சிகள், நான் ஒருத்திதான் நியாயம் கேட்கப் பிறந்தவள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்குப் போனது.

தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, மேலே படுக்க ஒரு தட்டு. நான் கீழே உட்கார்ந்து சட்டைக் காலர் தைப்பேன். வீட்டுக்காரர் செல்வராஜ் மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் ஸ்டோர் பார்க்கிறார். ஒரே பையன், சாம். அப்போது அவனுக்குப் பத்து வயது.

எங்கள் பிள்ளைகளுக்கு விளையாட இடம் கிடையாது. சந்து முனையில் டெம்போக்கள் திரும்புகிற இடம்தான் மைதானம். ஒரு நாள் ஒரு டெம்போ பின்னால் வந்து சாமின் காலில் ஏறிவிட்டது. காலுக்குள் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, நடை மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். "பந்து எதுக்கு ரோட்டுக்கு வருது?" என்று அந்த டிரைவர் என்னிடமே கேட்டான். வேறு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாததால் பதில் சொல்ல முடியவில்லை. (பதில் சொல்லவில்லை, ஆனால் அவன் டெம்போக் கண்ணாடி ஒன்று அன்றைக்கு உடைந்தது. அது வேறு கதை.)

சந்துக்குப் பின்னால் ஒரு காலி இடம் இருந்தது. அரை ஆள் உயரத்துக்குக் குப்பை. அதன் நடுவில் துருப்பிடித்த ஒரு பலகை, இது மாநகராட்சித் தோட்டத் துறையின் இடம் என்று. அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு தோட்டத் துறை ஆபீசுக்கு நடந்தேன். எட்டு மாசம் நடந்தேன். கடைசியில் ஒரு மேடம் தலையைத் தூக்கி, மக்கள் பங்கேற்பு என்று ஒரு திட்டம் இருக்கிறது என்றார். சந்து ஜனங்கள் சேர்ந்து இடத்தைச் சுத்தம் செய்து, ஒரு நாள் அதிகாரி முன்னால் கன்றுகள் நட்டு, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், வேலி, நடைபாதை, பெஞ்ச், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான், ஊஞ்சல் எல்லாம் துறையே போடும். மேடம் சொன்னதில் எனக்குக் கேட்டது கடைசி வார்த்தை ஒன்றுதான். ஊஞ்சல். சாம் நொண்டாமல் செய்யக்கூடிய ஒரே விளையாட்டு அது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று சுத்தம் செய்தோம். அந்தக் குப்பையில் என்னென்ன இருந்தது என்று இங்கே எழுதினால் நீங்கள் சாப்பிட மாட்டீர்கள்.

இப்போது குழாய் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சந்துக்குத் தண்ணீர் வருகிற லைன் அந்த இடத்துக்கு அடியில்தான் போனது. அந்த லைன் எந்தக் காகிதத்திலும் கிடையாது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னாலேயே யாரோ போட்டது. பெரிய குழாயிலிருந்து ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் குழாய், அதிலிருந்து வீட்டுக்கு வீடு கிளை. நீங்கள் இதைத் திருட்டு என்று சொல்லலாம். மனுப் போட்டு மனுப் போட்டு ஓய்ந்தவர்கள் வேறு பெயர் வைத்திருந்தார்கள். பகல் பதினொன்றரைக்கு வரும், ஒரு மணிக்கு நிற்கும். எங்கள் வாழ்க்கையே அதைச் சுற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்கத்தைப் பதினொன்றேகாலுக்குள் முடிக்கவில்லை என்றால் சர்ச்சில் பெண்கள் பக்கம் காலியாகிவிடும். அவரும் பழகிக்கொண்டார். நரகத்தைப் பற்றிப் பதினொன்று பத்துக்கே முடித்துவிடுவார்.

அந்தக் குழாய் எங்கே போகிறது என்று சரியாகத் தெரிந்தது பாக்கியம் அக்காவுக்கு மட்டும்தான். என் பக்கத்து வீடு. ஐம்பத்தைந்து வயது, இரண்டு முட்டியும் போயிற்று, ஒண்டிக்கட்டை. லைன் போட்டபோது கூட நின்றவர்களில் அவர் வீட்டுக்காரரும் ஒருவர். அவர் இறந்துபோய்விட்டார், அக்கா கணக்காக ஞாபகம் வைத்திருந்தார். நடுவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஒரு டப்பாவில் சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கொண்டு முட்டியைப் பிடித்தபடி நடந்து, பதினொரு இடத்தில் குறி போட்டுக் கொடுத்தார்.

"இந்தக் கம்பத்துலேருந்து அந்தக் கக்கூஸ் செவரு வரைக்கும் மனசுக்குள்ள ஒரு கோடு போட்டுக்க. அங்கிட்டுத் தோண்டு, இங்கிட்டுத் தோண்டு. கோட்டுல மட்டும் கை வச்சிராத, ஏளா எஸ்தரு."

"எனக்குத் தெரியாதாக்கா" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. எட்டு என்றால் தண்ணீர் நேரத்துக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்று நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். ஏழரைக்கே பெண்கள் நல்ல சேலை கட்டி, பூ வைத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்வராஜ் அரை நாள் லீவு போட்டு, கல்யாணத்துக்கு எங்கள் அப்பா போட்ட வாட்சைக் கட்டிக்கொண்டு நின்றார். எட்டு ஆனது. ஒன்பது ஆனது. ஒன்பதரைக்குத் துறையிலிருந்து ஒரு ஆள் பேனரோடு வந்தான். பதினோராவது குறி, அதாவது அதிகாரி கையால் நடவேண்டிய கன்றின் குறி மேலேயே மூங்கிலை நட்டுப் பேனரைக் கட்டினான்.

"அது குழி தோண்டுற இடம்" என்றேன்.

"பேனருக்கு முன்னாடிதான் போட்டோ" என்றான் அவன் இந்தியில். "குழியை இந்தப் பக்கம் தோண்டிக்குங்க." காலால் ஒரு இடத்தைக் காட்டினான்.

பத்து மணி ஆகியும் அதிகாரி வரவில்லை. எட்டு மாசம் நடக்கவிட்டது போதாது என்று இன்றைக்கும் உட்கார வைத்திருக்கிறார்களே என்று எனக்கு உள்ளே கொதித்தது. குழி தோண்ட நாங்கள் கூலிக்குக் கூப்பிட்டிருந்த தோட்டக்காரரிடமிருந்து கடப்பாரையைப் பிடுங்கி, பேனர்காரன் காலால் காட்டிய இடத்தில் நானே குத்த ஆரம்பித்தேன். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு அதிகாரியை நினைத்துக்கொண்டேன். அந்த மேடத்தை நினைத்து ஒன்று, நாளைக்கு வா என்ற பியூனை நினைத்து ஒன்று. பாக்கியம் அக்கா டீ போட வீட்டுக்குப் போயிருந்தார். கோடு என் ஞாபகத்திலேயே இல்லை.

ஏழாவது குத்தோ எட்டாவது குத்தோ, அடியில் முறுக்கு உடைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

சின்னச் சத்தம்தான். ஆனால் நாற்காலியில் இருந்த அத்தனை பெண்களும் பேச்சை நிறுத்தினார்கள். துறை ஆள் மட்டும் பேனருக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். குழிக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்புக் குழாயில் என் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பொத்தல். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணி பத்து பத்துதானே.

டீத் தட்டோடு வந்த பாக்கியம் அக்கா என் முகத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். தட்டைக் கீழே வைக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"என்னட்டி பண்ணி வச்சிருக்க?"

"அக்கா..."

"வாயத் தொறக்காத. ரெண்டு கை மண்ணத் தள்ளி மூடு. பதினொன்றரைக்கு இன்னும் ஒண்ணேகால் மணி நேரம் கிடக்கு. வாறவன் வரட்டும், செடிய வைக்கட்டும், போகட்டும். சாயந்தரம் நம்ம பிளம்பர கூட்டியாந்து ஒட்டிக்கிடலாம். நீ இன்னைக்கு ஒரு நாளு வாய மட்டும் மூடிட்டு இரி. உன்னால முடியுமா?"

முடியும் என்றேன். மனசார நம்பித்தான் சொன்னேன்.

பத்தரைக்கு அதிகாரி வந்தார். சாவந்த் என்று பெயர். ரிட்டயர் ஆகிற வயது, தொப்பி, வியர்வை. நான் நினைத்த மாதிரி இல்லை. இறங்கியதுமே கையைக் கூப்பி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். வழியில் எங்கோ மரம் விழுந்துவிட்டதாம், அதைப் பார்க்காமல் வர முடியவில்லையாம். கத்துவதற்கு நான் தயாராக வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் நின்றுவிட்டது. அப்படி நின்றது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

அவர் பேசினார். அழகாகத்தான் பேசினார். தண்ணீர்தான் உயிர் என்றார். கன்றுக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லை என்றாலும் அதன் மனசு உடைந்துவிடும் என்றார். முன்வரிசைப் பெண்கள் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் பதினோராவது குழியைப் பார்த்தார்கள். பிறகு கன்று நட்டார். புங்கன் கன்று, சிவப்பு ரிப்பன் கட்டியது. அதன் வேர் மண் கட்டி அந்தப் பொத்தல் மேலேயே உட்கார்ந்தது. போட்டோ எடுத்தார்கள். தினமும் தண்ணீர் ஊற்றுவோம் என்று இந்தியில் உறுதிமொழி சொல்ல வைத்தார்கள். அறுபது வீடும் சத்தமாகச் சொன்னது. அவ்வளவு அவசரமாக யாரும் எங்கேயும் உறுதிமொழி எடுத்திருக்க மாட்டார்கள். மணி பதினொன்று ஐந்து.

பதினொன்று பத்துக்கு அவர் ஜீப் பக்கம் போய்விட்டார். ஒரு கால் படியில். பாக்கியம் அக்கா மூச்சு விட்டார். நான்தான் பெரிய மனுஷி மாதிரி வழியனுப்பப் போனேன்.

"ஊஞ்சல் எப்போது வரும் சார்?"

"ஊஞ்சலா? விளையாட்டுச் சாமான் இந்த வருஷத் திட்டத்தில் இல்லையே பெஹன்ஜி. நடைபாதை, இரண்டு பெஞ்ச். முதியவர்களுக்கு நன்றாக இருக்கும்."

நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

பாக்கியம் அக்கா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினார். "ஏளா, சரின்னு சொல்லு. போகட்டும்."

ஜீப்புக்கு அந்தப் பக்கம், அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் செல்வராஜ் நின்றார். இடது கையை மடக்கி முகத்துக்கு நேரே தூக்கி, வாட்சின் கண்ணாடியில் விரலால் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் தட்டினார்.

நான் அதைப் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

"எந்த முதியவர் சார்?" என்று ஆரம்பித்தேன். என் இந்தி தாராவி இந்தி, மரியாதை எல்லாம் அதில் ஒட்டாது. "எங்கள் சந்தில் எந்த முதியவருக்கு பெஞ்சில் உட்கார நேரம் இருக்கிறது? எட்டு மாசம் உங்கள் ஆபீசுக்கு நடந்து, ஊஞ்சல் வரும் என்று சொல்லித்தானே இத்தனை பேரைக் குப்பை அள்ள வைத்தேன்? நீங்களெல்லாம் எதையாவது கேட்டவுடன் செய்திருக்கிறீர்களா? எதற்கெடுத்தாலும் பைல், எதற்கெடுத்தாலும் அடுத்த வருஷம். கையில் போன் இருக்கிறதே, ஒரு நாளாவது எங்களுக்காக ஒரு போன் போட்டிருக்கிறீர்களா?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். சாமை இழுத்து வந்து எல்லார் முன்னாலும் நிறுத்தினேன். குனிந்து அவன் பேண்ட்டை முட்டி வரை சுருட்டித் தழும்பைக் காட்டினேன். "இந்தக் காலுக்கு நடைபாதை எதற்கு சார்?" பத்து வயதுப் பையன், கூட விளையாடுகிற பிள்ளைகள் எல்லாம் நிற்கிறார்கள். அவன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். அந்த நாளில் நான் செய்ததில் எதற்கு ரொம்ப வெட்கப்படுகிறேன் என்று கேட்டால், குழாய்க்கு இல்லை, இதற்குத்தான்.

சாவந்த் சாகிப் படியிலிருந்து காலை எடுத்தார். குனிந்து தழும்பைப் பார்த்தார். பிறகு தன் ஆளைப் பார்த்து, "டேப் கொண்டு வா" என்றார்.

ஜெயித்துவிட்டேன். அதுதான் கொடுமை. வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சர்க்கார் ஆள் என் பேச்சைக் கேட்டு மனசை மாற்றிக்கொண்டது கிடையாது. அவர் திரும்ப உள்ளே வந்து, ஊஞ்சலுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அவரே டேப்பைப் பிடித்து அளந்தார். இங்கே ஒன்று போடலாம், மண்ணைக் கொட்டி மெத்தென்று செய்யலாம் என்றார். நான் தலையாட்டினேன். எனக்குப் பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் காற்று வந்தது. தரைக்கு அடியில் யாரோ வயசாளி தொண்டையைச் செருமுகிற மாதிரி. சாவந்த் சாகிப் கீழே பார்த்தார். பதினோராவது குழியில் மண் கொப்பளித்தது. ரிப்பன் கட்டிய புங்கன் கன்று ஒரு தரம் நடுங்கி, மெதுவாக அரைச் சுற்றுச் சுற்றி, நன்றியுரை சொல்ல எழுந்திருக்கிற மாதிரி எழுந்தது. பிறகு தண்ணீரில் படுத்துக்கொண்டது.

சந்துக்குள் தண்ணீர் இழுக்கிற மோட்டார் ஒன்று உறுமியது. அடுத்து இன்னொன்று. வீட்டில் இருந்த பிள்ளைகளுக்கு என்ன தெரியும், மணி அடித்தால் ஸ்விட்சைப் போடுவது அவர்கள் வேலை. அறுபது மோட்டாரும் சேர்ந்து சேற்றை உறிஞ்சின.

"அது என்ன சத்தம்?" என்றார் சாவந்த் சாகிப்.

"தையல் மிஷின் சாப்" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி அவர் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். நன்றாகவே சொன்னார்.

"எல்லா வீட்டிலுமா? ரொம்ப நல்லது" என்றார் அவர். பிறகு தண்ணீரைப் பார்த்தார். இதற்குள் அவர் ஷூவைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "மெயின் குழாய் உடைந்திருக்கிறது போல. எவ்வளவு தண்ணீர் வீணாகிறது." பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். "தண்ணீர்த் துறையில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார்."

"வேண்டாம் சார்" என்றேன்.

"ஏன்?"

"அவர்களுக்கு எதற்குச் சிரமம். நாங்களே பார்த்துக்கொள்கிறோம்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "பெஹன்ஜி, இப்போதுதானே கேட்டீர்கள், உங்களுக்காக ஒரு போனாவது போட்டிருக்கிறேனா என்று. இதோ போடுகிறேன். உடனே."

நாற்பது நிமிஷத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். எங்கள் சந்தின் சரித்திரத்தில் கூப்பிட்ட நாளே ஒரு துறை வந்தது அதுதான் முதல் தடவை. அவர்களில் ஒல்லியான ஒருவர் குழியில் இறங்கிக் குழாயைத் தடவினார். இடது பக்கம் கொஞ்சம் தோண்டினார், வலது பக்கம் கொஞ்சம் தோண்டினார். எழுந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"இது மெயின் இல்லை. யாருடைய லைன்?"

குழாய் நேராக எங்கள் சந்தைப் பார்த்துப் போவது கண்ணில்லாதவருக்கும் தெரியும். அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். தெரியாது. தெரியாது. நாங்கள் இந்தப் பக்கம் வருவதில்லை. என்னிடம் வந்தார். பிறந்ததிலிருந்து வாயை மூடாதவள் நான். "தெரியாது" என்றேன். பாக்கியம் அக்காவிடம் வந்தார். அக்கா இடுப்பில் காலிக் குடம். பதினொன்றரை ஆனதும் கை தானாக எடுத்திருக்கிறது.

"எனக்கென்ன தெரியும்" என்றார் அக்கா.

"யாருடையதும் இல்லை என்றால் யாருக்கும் நஷ்டமும் இல்லை" என்றார் அவர். பிளேடை எடுத்து அறுத்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பெரிய குழாய் பக்கம் போய் அடைத்தார்கள். இருபது வருஷத் தண்ணீரை அறுபது குடும்பம் நின்று, அது எங்களுடையது இல்லை என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

சாவந்த் சாகிப் அப்போது குடங்களைப் பார்த்தார். அக்காவின் இடுப்பில் ஒன்று, பின்னால் இன்னும் ஏழெட்டு. அவருக்குப் புரிந்துவிட்டது. டேப்பைச் சுருட்டி மெதுவாகப் பெட்டியில் போட்டார். என் பக்கத்தில் வந்து, "ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார்.

நான் குனிந்து, சேற்றில் கிடந்த புங்கன் கன்றை எடுத்து மறுபடியும் குழியில் நட்டேன்.

பிறகு நடந்ததில் சிரிக்க ஒன்றும் கிடையாது. ஐந்து மாசம் அடுத்த சந்துக் குழாயில் அவர்கள் பிடித்து முடித்த பிறகு நாங்கள் பிடித்தோம். சில நாள் அவர்கள் முடிக்கும்போதே தண்ணீர் நின்றுவிடும். நான் எப்போதும் வரிசையில் கடைசியில் நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை, முன்னால் போகச் சொல்லவும் இல்லை. சந்தில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சாம் சாய்ந்த நடையோடு அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கி வருவான். காலர் தைக்க நேரம் இல்லாமல் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று.

பாக்கியம் அக்காவால் குடம் தூக்கி அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை. நான் தினம் இரண்டு குடம் கொண்டுபோய் அவர் வாசலில் வைப்பேன். எடுத்துக்கொள்வார், பேச மாட்டார். மூன்றாவது மாசம் ஒரு நாள் குடம் வைக்கப் போனால் கதவில் பூட்டு. நெருளில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதாம் என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டு குடத்தையும் திரும்ப வீட்டுக்குத் தூக்கி வந்தேன். அன்றைக்கு அது கனத்த மாதிரி என்றைக்கும் கனத்தது இல்லை.

கடைசியில் எல்லாருமாக முறைப்படி மனுப் போட்டு ஒரு கூட்டு இணைப்பு வாங்கினோம். மனுவில் முதல் பெயர் யாருடையது என்று கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போட்டேன்.

தோட்டம் வந்தது. சாவந்த் சாகிப் ரிட்டயர் ஆவதற்குள் எழுதிவிட்டுப் போயிருக்கிறார், ஊஞ்சலும் வந்தது. மூன்று வருஷம் கழித்து வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் என்று ஒரு பலகையோடு வந்தது. சாமுக்கு அப்போது பதின்மூன்று. "பரவால்லம்மா" என்றான். காவல்காரரிடம் சண்டைக்குப் போகலாம் என்று கிளம்பினேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

நட்ட பதினொன்றில் பத்து கன்று அந்தக் கோடையிலேயே செத்தது. குடிக்கவே இல்லாதபோது யார் ஊற்றுவது. பதினோராவது மட்டும் இப்போது இரண்டு ஆள் உயரம். லைனை அடைத்த இடத்தில் எங்கேயோ கசிவு இருக்கவேண்டும் என்கிறார் பிளம்பர். எங்கள் பழைய லைனில் இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிற ஒரே ஆள் அந்தப் புங்கன்தான். மரக் கணக்கெடுக்க வந்தவர்கள் அதற்கு நம்பர்கூடக் கொடுத்திருக்கிறார்கள்.

செல்வராஜின் வாட்ச் எப்போதோ ஓடாமல் போனது. இப்போது போனில்தான் நேரம் பார்க்கிறார். ஆனால் நான் எங்கேயாவது வாயைத் திறந்து, என் குரல் ஒரு கட்டை ஏறினால் போதும். வெறும் கையை மடக்கி முகத்துக்கு நேரே தூக்கி, மணிக்கட்டில் விரலால் தட்டுவார். சாமும் செய்கிறான். செம்பூரில் அவன் கல்லூரிக்குப் பணம் கட்டப் போனபோது கவுண்டர் ஆளிடம், "ஏன் தம்பி, உங்க ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன். அப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம், இரண்டு பேரும் மணிக்கட்டைத் தட்டுகிறார்கள். கவுண்டர் ஆள் பயந்துபோய்த் தன் வாட்சைப் பார்த்தான். சந்தில் சின்னப் பிள்ளைகள்கூடச் செய்கின்றன. அதுகளில் பாதிக்கு ஏன் என்றே தெரியாது.

போன மாசம் நெருளில் ஒரு கல்யாணம். பாக்கியம் அக்காவின் தங்கச்சி மகளுக்கு. பத்திரிகை செல்வராஜ் பெயருக்குத்தான் வந்தது. போனோம். பந்தியில் உட்கார்ந்து இலை போட்டு இருபது நிமிஷம் ஆயிற்று, தண்ணீர் தெளித்துவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. எதிர் வரிசையில் பாக்கியம் அக்கா உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை.

எனக்குப் பசி. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டேன். "ஏம்ப்பா, இங்க உக்காந்திருக்கவங்களெல்லாம் மனுசங்களாத் தெரியலையா? எவ்வளவு நேரமா..."

அக்கா தலையைத் தூக்காமல், இலையைப் பார்த்தபடியே, இடது கையை மடக்கி முகத்துக்கு நேரே கொண்டுவந்தார். கையில் வாட்ச் இல்லை, ஒரு கண்ணாடி வளையல்தான். அதை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டை இரண்டு தரம் தட்டினார்.

அவ்வளவுதான். கையை இறக்கி, இலையில் தெளித்திருந்த தண்ணீரை ஓரமாக வழித்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். சோறு வந்தது. ஆறிப்போய்த்தான் வந்தது. ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டேன்.